கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீய

பாத்து தம்பி, கால் பட்டுரப் போவுது. கீழ தூக்குச்சட்டி இருக்கு. எந்திரிக்க வேண்டாம், எந்திரிக்க வேண்டாம், நான் மடியில எடுத்து வச்சுக்கிடுதேன். சோறு இருக்க ஏனம், அதுக்காகச் சொன்னேன். நீங்க எதுவரைக்கும்? ராஜபாளையமா? நல்லதாப் போச்சு. நான் தென்காசி. வழி நெடுக ஒத்தையில வெளிய பாத்துக்கிட்டே வரணுமேன்னு நெனச்சேன். காதுல மாட்டியிருந்ததக் கழட்டுனீய பாருங்க, அதுக்கே உங்களுக்குப் புண்ணியம். இந்தக் காலத்துல யாரு கழட்டுதா?

சாப்பிட்டாச்சா? புளிசாதம் இருக்கு. சாப்பிடுதீயளா? வேண்டாமா. சரி, சரி.

வேண்டாம்னா விட்டுர வேண்டியதுதான். நான் யாரையும் கட்டாயப்படுத்துத ஆளு கிடையாது. அதே மாரி நானும் யார்ட்டயும் போயிக் கை நீட்டுத ஆளு கிடையாது. மரக்கடையில கணக்கெழுதுனவன் நான். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாக்கூட பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துட்டு, பந்தியில உக்காராம வந்துருவேன். அப்பிடி ஒரு குணம். நல்லதோ கெட்டதோ, பொறந்ததுலருந்தே அப்பிடித்தான்.

இந்தச் சட்டி என்னுது இல்ல. ஆவுடம்மா சட்டி. மூடியில பேரு வெட்டியிருக்கு பாருங்க, ஆவுடையம்மாள்னு. எழுத்து தேஞ்சு போச்சு. சாம்பல் போட்டுத் தேச்சுத் தேச்சு அப்பிடி ஆயிட்டு. அவிய இப்ப இல்ல. ஆனி மாசம் போயிட்டாவ.

சொந்தமான்னு கேக்கீயளா? சொந்தம்லாம் ஒண்ணும் இல்ல. ஒரே வளவுல இருந்தோம். வளவுன்னா தெரியும்லா? வெளிய ஒரே வாசல், உள்ள போனா எதுத்தெதுத்தாப்புல வீடுக. எங்க வளவுல ஏழு வீடு. நடுவுல ஒரு குழாய், ஒரு முருங்கை மரம். முதல் வீடு ஆவுடம்மா வீடு. மூணாவது என்னுது. யாரு வளவுக்குள்ள வந்தாலும் ஆவுடம்மா வீட்டத் தாண்டித்தான் வரணும். தாண்டி வர விட மாட்டாவ, அது வேற விசயம். கரண்டு ரீடிங் எடுக்க வாரவன்கூட மொதல்ல மோரக் குடிச்சிட்டுத்தான் மீட்டரப் பாப்பான்.

நான் அந்த வளவுக்கு வந்த கதையச் சொல்லுதேன். எங்க அண்ணன் பொஞ்சாதிக்கும் எனக்கும் ஒரு வார்த்தை ஆயிப்போச்சு. "தின்னுட்டு உக்காந்திருக்காரு"ன்னு சொல்லிட்டா. என்னப் பாத்து! அன்னைக்கே துணிமணிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். அதுக்குப் பொறவு அந்த வீட்டு நடையில நான் கால் வைக்கல, எங்க அம்மா செத்ததுக்குத் தவிர. மரக்கடைக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் இந்த வீடு கெடச்சுது. வந்த அன்னைக்கு விளக்குக்கூடப் போடல. கதவ உள்ள பூட்டிக்கிட்டு அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். பசி. பசின்னா அப்பிடி ஒரு பசி. ஆனா வெளிய போயிக் கடையில திங்கவும் மனசு இல்ல. சோத்தப் பத்திச் சொல்லிட்டாளேன்னு ஒரே ஆங்காரம்.

கதவத் தட்டுனாவ. நான் தொறக்கல. பேரு தெரியாதுலா, "புது வீட்டுத் தம்பி, புது வீட்டுத் தம்பி"ன்னு கூப்பிட்டாவ.  பொறவு பாத்தா ஜன்னல் பக்கம் நிழலாடுது. தட்டு கம்பிக்குள்ள நுழையல. சாச்சுப் பாக்காவ, நிமித்திப் பாக்காவ, நுழையல. நான் உள்ள இருந்து வேடிக்கை பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சரி, இப்பப் போயிருவாவன்னு நெனச்சேன். அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? தோசையச் சுருட்டுனாவ. உள்ள கொஞ்சம் மொளகாப்பொடியத் தடவி, குழாய் மாரிச் சுருட்டி, கம்பிக்கு நடுவ நீட்டுனாவ. கை அப்பிடியே நிக்கி. ஒரு வார்த்தை பேசல. கை மட்டும் நிக்கி.

எவ்வளவு நேரந்தான் ஒரு பொம்பளையக் கை வலிக்க நிக்க விடுதது? எந்திரிச்சுப் போயி வாங்கிக்கிட்டேன். அது மரியாதைக்கு வாங்குனது. அடுத்ததையும் சுருட்டுனாவ. அதையும் வாங்குனேன். பொறவு கணக்கு வச்சுக்கிடல.

ஒரு நாளு நான் கேட்டேன், "சாப்பிடுதியான்னு ஒரு வார்த்தை கேட்டா என்னம்மா? அது என்ன, கையில திணிக்கது?"ன்னு. அதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா? "கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீய. பொறவு நான் உங்களப் போட்டுக் கெஞ்சணும். எனக்கு அடுப்புல சோலி கிடக்குலா"ன்னாவ. அவ்வளவுதான். அதுல பெரிய விசயம் ஒண்ணும் இல்ல. சோலியப் பாத்து அப்பிடி ஒரு பழக்கம்.

நான் கடைசி வரைக்கும் நானாப் போயிக் கேட்டது கிடையாது. அத நல்லாத் தெரிஞ்சுக்கிடுங்க. காலையில அவிய கொண்டாந்து வைப்பாவ. ராத்திரி ஜன்னல்ல வைப்பாவ. நான் வேலைய விட்டு நின்ன பொறவு மத்தியானமும் வந்துட்டு. ஆனா நானாக் கேட்டேன்னு எவனும் சொல்ல முடியாது.

இது திருமங்கலமா? ஆமா, திருமங்கலந்தான். பஸ்ஸுல கூட்டம் ஏறுது. நீங்க ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க, நான் சட்டியப் பிடிச்சுக்கிடுதேன்.

எங்க விட்டேன்? ஆங். இப்ப ஒண்ணு சொல்லுதேன், இதுதான் முக்கியம். எங்க பக்கம் கேத வீட்டுல, அதாவது யாரும் செத்துட்டா அந்த வீட்டுல, அடுப்புப் பத்த வைக்க மாட்டாவ. உங்க ஊர்லயும் அப்பிடித்தானே? அக்கம்பக்கத்து வீட்டுலதான் ஆக்கிக் கொண்டு போவணும். எங்க வளவுல அந்தச் சோலி பூராவும் ஆவுடம்மாதான். யாரும் சொல்லி வச்சதில்ல. அப்பிடி அமைஞ்சு போச்சு. எதுத்த வீட்டுப் பொண்ணு சேர்மக்கனியோட மாமனார் செத்தப்ப, கடைசி வீட்டு அம்மா மைதீன் பாத்து, அது வீட்டுக்காரர் மவுத்தானப்ப, எல்லாத்துக்கும் அவிய வீட்டு அடுப்புதான். அதுலயும் ஒரு முறை வச்சிருந்தாவ. அழுதவளுக்குக் காப்பி குடுக்கக் கூடாதாம். கொமட்டுமாம். மொதல்ல கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கணும். பொறவுதான் மத்ததெல்லாம். குடுக்கும்போதும் கேக்க மாட்டாவ. அழுதுகிட்டு இருக்கவ கையப் பிடிச்சு, டம்ளர உள்ள வச்சு, விரல மடக்கி விட்டுருவாவ. அவளும் அழுதுகிட்டே குடிச்சிருவா.

எங்க அம்மா செத்து, நான் அண்ணன் வீட்டுக்கு அம்பாசமுத்திரம் போயிட்டுத் திரும்பி வந்தேன். யார்ட்டயும் சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? மொட்டைத் தலையப் பாத்தாத் தெரிஞ்சிரப் போவுது. ஜன்னல்ல டம்ளர் இருந்துச்சு. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி. நான் அழுதுட்டு வந்தது அவியளுக்கு எப்பிடித் தெரியும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. அண்ணன் வீட்டுல எல்லாரும், "மாசானம் கல்லு மாரி நிக்கான் பாரு"ன்னுதான் சொன்னாவ.

அப்பேர்ப்பட்ட மனுசி, தம்பி.

ஆனி மாசம் ஒரு நாளு காலையில குழாயில தண்ணி பிடிக்க வந்தாவ. குடம் நெறஞ்சு வழியுது. அவிய குனியல. நான் பல்லு தேச்சுக்கிட்டு நிக்கேன். "அம்மா, குடம் வழியுது"ன்னேன். அப்பிடியே முருங்கை மரத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவ. அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி என்னத்த? போனதக் கொண்டு போனோம், திரும்பக் கொண்டு வந்தோம்.

வளவே கதறுச்சு. நான் இந்த வயசு வரைக்கும் அப்பிடி ஒரு அழுகையப் பாத்தது இல்ல. சேர்மக்கனி தலைய விரிச்சுப் போட்டு, "என்னப் பெத்த தாயே"ன்னு விழுதா. இவளுக்கு என்ன, பெத்த தாய் சங்கரன்கோவில்ல நல்லாத்தான் இருக்கா. மைதீன் பாத்து சுவத்துல சாஞ்சு விக்கி விக்கி அழுதுச்சு. எல்லாரும் அவளவ வீட்டுக் கேதம் மாரித்தான் எடுத்துக்கிட்டாளுவ. நானும் அப்பிடித்தான். காலையில சுடுதண்ணி வைக்கப் பத்த வச்ச ஸ்டவ்வ அணைச்சவன், பொறவு பத்த வைக்கல. என் வீட்டுக் கேதம்லா.

மவன் பரமசிவன் மதுரையில இருக்கான். அவன் வந்து சேர மத்தியானம் ஆயிட்டு. அதுவரைக்கும் எல்லாரும் உக்காந்திருக்கோம். ஆவுடம்மா வீட்டுக்காரரு, குத்தாலிங்கம் அண்ணாச்சி, ஒரு நாற்காலியில. நான் பக்கத்துல, அவரு தோளப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். நான்தான் நின்னேன். வேற எவனும் நிக்கல. எனக்கு ஒரு மட்டம் அடுக்களைப் பக்கம் கண்ணு போச்சு. இன்னும் ஒண்ணும் வரலியேன்னு. எனக்கு மட்டும் இல்ல. சேர்மக்கனியும் திரும்பிப் பாத்தா. மைதீன் பாத்துவும் பாத்துச்சு. இந்நேரத்துக்கு வந்திருக்கணுமேன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. கொண்டு வார ஆளு நடுக்கூடத்துல படுத்திருக்கது யாருக்கும் அந்நேரம் தோணல.

அண்ணாச்சி நடுங்குனாரு. என் கையில தெரியுது, தோளு கிடுகிடுன்னு ஆடுது. பாவம், அழுகைய அடக்குதாரு, அதான் நடுங்குதாருன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நெனப்பாவ. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

பாடையத் தூக்கையில தொப்புன்னு விழுந்துட்டாரு. எல்லாரும் துக்கத்துல விழுந்துட்டாருன்னு அழுதாவ. பரமசிவன்தான் ஓடி வந்து அவரு வாயில சீனிய அள்ளிப் போட்டான். அவருக்குச் சீனி வியாதி. காலையில மாத்திரையப் போட்டுட்டு இட்லிக்கு உக்காந்திருந்திருக்காரு. இட்லிய ஊத்தி வச்சுட்டுத்தான் அந்தம்மா தண்ணி பிடிக்க வந்திருக்கு. அன்னைக்குப் பொழுதுக்கும் அவரு வயித்துக்குள்ள அந்த மாத்திரை மட்டும்தான்.

பரமசிவன் ஒண்ணும் கத்தல. கத்தியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தான். "எங்க அம்மா இந்த வளவுல யாரு செத்தாலும் ஆக்கிப் போட்டாவ. அவிய செத்த அன்னைக்கு எங்க அப்பாவுக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளு இல்லியா?"ன்னு கேட்டான். அவனே கடையில போயிப் பொட்டலம் வாங்கிட்டு வந்தான். அந்த வீட்டுல கடைப் பொட்டலத்தப் பிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பதினாறு முடிஞ்ச கையோட அப்பாவக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிட்டான். வீட்டப் பூட்டிட்டான்.

நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. நாலு பொம்பளைய இருக்காளுவ வளவுல. ஒருத்திக்குத் தோணாண்டாமா? சேர்மக்கனிட்ட நேராவே கேட்டுட்டேன். "எங்க வீட்டுக் கேதம் அண்ணாச்சி, நான் எப்பிடி அடுப்புப் பத்த வைப்பேன்?"ங்கா. மைதீன் பாத்துட்ட கேட்டா அதுவும் அதையேதான் சொல்லுது. ஏழு வீட்டுலயும் எங்க வீட்டுக் கேதம், எங்க வீட்டுக் கேதம்னு அடுப்ப அணைச்சுட்டு உக்காந்திருந்தா, அண்ணாச்சிக்கு யாரு பொங்குதது? கூறு வேண்டாமா? ஒத்தை ஆம்பளை நான், நான் என்னத்தப் பொங்க? "நீங்களும்தானே நின்னீய"ன்னு சேர்மக்கனி கேக்கா. ஒரு பேச்சாப் பேசுனா. "என்னத்தான் அம்மா மகளா நெனச்சாவ"ன்னு வேற சொல்லுதா. அதான் எனக்குப் பொறுக்கல. இவளுக்குப் பேறுகாலம் பாத்தாவ, சரி. அதுக்காக? எனக்குத் தெனமும் ஜன்னல்ல வச்சாவ. இவளுக்கு வச்சாவளா? அன்னையோட அவட்டப் பேச்ச நிறுத்திட்டேன்.

நான் மட்டும் இல்ல. வளவுல யாரும் யார்ட்டயும் இப்பப் பேசுததில்ல. குழாயில தண்ணி வரும். ஒருத்தர் பிடிச்சு முடிச்சு உள்ள போயிக் கதவச் சாத்துன பொறவுதான் அடுத்தவ வெளிய வருவா. முன்ன ஏழு வீட்டுக்கும் கதவு ராத்திரி படுக்கையிலதான் சாத்தும். இப்பப் பகல்லயே வளவு அடைச்ச மாரி இருக்கு. எனக்கு அது ஒண்ணும் இல்ல, நான் ஒத்தையிலயே இருந்து பழகுனவன். கடையில சாப்பிடுதேன். என்ன, சில நாளு காலையில எந்திரிச்சு ராத்திரி படுக்க வரைக்கும் வாயத் தொறக்கலியேன்னு படுக்கையிலதான் தெரியும். ஒரு மட்டம் இருமிப் பாத்துக்கிடுவேன், குரல் இருக்கான்னு.

ஜன்னல் கதவ மட்டும் நான் இன்னும் சாத்துததில்ல. காத்து வரும்லா, அதுக்குத்தான். இந்த மழைக்குக்கூடச் சாத்தல. சாரல் அடிச்சு உள்ள நனைஞ்சு போச்சு.

இந்தச் சட்டி என்ட்ட மாட்டிக்கிட்டது. அவிய போனதுக்கு முந்துன நாளு ராத்திரி இதுல தேங்காப்பால் சொதி குடுத்து விட்டாவ. கழுவி வச்சிருந்தேன், காலையில குடுக்கலாம்னு. காலையில யார்ட்டக் குடுக்க? வெறும் ஏனத்தத் திருப்பிக் குடுக்கவும் கூடாதுலா. ஒரு கை சீனியாவது போட்டுக் குடுக்கணும். அது அங்கன அலமாரியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாத்துப் பாத்து ஒரு நாளு முடிவு பண்ணிட்டேன். யாரும் செய்யலன்னா போங்க, நான் செய்யுதேன். அண்ணாச்சிக்கு ஒரு வேளைச் சோறு என் கையால பொங்கிக் கொண்டு போயிக் குடுத்துட்டு வருதேன். அப்பத்தான் இந்த வளவுக்காரிகளுக்கு உறைக்கும்.

புளிசாதந்தான் பயணத்துக்குத் தாங்கும். மொத மட்டம் சோறு கூழாப் போச்சு. ரெண்டாம் மட்டம் அடிப்பிடிச்சுட்டு. புளிக்காய்ச்சல்ல உப்ப எப்பப் போடணும்னு தெரியல. யார்ட்டக் கேக்க? எல்லாரோடயும்தான் பேச்சு இல்லியே. நான் கருக விட்ட வாசம் வளவு பூராவும் போயிருக்கும்போல. சேர்மக்கனி அவ வீட்டுக் கதவத் தொறந்து மரத்தடி வரைக்கும் வந்து நின்னா. நான் பாக்காத மாரி இருந்துட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போயிட்டா. இன்னைக்கு விடியக்காலம் பொங்குனது சரியா வந்துட்டு. நல்லெண்ணெய் விட்டு, நெலக்கடலை போட்டு, அவிய செய்யுத மாரியே. வாசத்தப் பாருங்க. தொறக்கட்டுமா? கொஞ்சம் வச்சுத் தரட்டுமா? வேண்டாமா.

மதுரையில அந்த வீட்டக் கண்டுபிடிக்கதுக்குள்ள தாவு தீந்து போச்சு. மாடி மேல மாடி. மூணாவது மாடியில வீடு. தெருவப் பாத்த வாசல்ல இரும்புக் கம்பிக் கதவு, வெளிய பூட்டு தொங்குது. அடடா, ஆளு இல்லியேன்னு திரும்பப் போறேன், உள்ள இருந்து, "யாரது?"ன்னு குரலு. அண்ணாச்சி.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்து, "மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்காங்க, சாயங்காலந்தான் வருவாங்க. பெரியவரு அடிக்கடி ஊருக்குப் போறேன்னு பையத் தூக்கிட்டுக் கெளம்பிடுறாரு. ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல போய்ப் பிடிச்சுட்டு வந்தாங்க. அதான் பூட்டிட்டுப் போறாங்க. சாப்பாடெல்லாம் ஹாட்பாக்ஸுல வச்சுட்டுத்தான் போவாங்க"ன்னு சொன்னாவ. குத்தம் சொல்ல முடியாது. வேலைக்குப் போறவங்க வேற என்ன செய்ய?

அண்ணாச்சி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாரு. தோளு ரெண்டும் ஒடுங்கிப் போச்சு. சட்டை யாருதோ போட்டுருக்க மாரி இருக்கு. "மாசானமா? வளவுல தண்ணி ஒழுங்கா வருதா?"ன்னு கேட்டாரு. "வருது அண்ணாச்சி"ன்னேன். "முருங்கை காச்சிருக்கா?" "காச்சிருக்கு அண்ணாச்சி, பறிக்கத்தான் ஆளு இல்ல." பொறவு சட்டியப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. "இது எங்க வீட்டு ஏனம்லா?"ன்னாரு. "ஆமா அண்ணாச்சி"ன்னேன். 

சட்டி கம்பிக்குள்ள நுழையாது. நானும் சாச்சுப் பாத்தேன், நிமித்திப் பாத்தேன். சரின்னு கேட்டேன். "புளிசாதம் கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி, சாப்பிடுதீயளா?"ன்னேன். "வேண்டாம்யா"ன்னுட்டாரு. இன்னொரு மட்டம் கேட்டேன். "நானே பொங்குனது அண்ணாச்சி. கொஞ்சம் சாப்பிடுதீயளா?" "வேண்டாம் மாசானம். வச்சிருக்காவ. உனக்கு எதுக்குச் சிரமம்?"னு சொல்லிட்டாரு.

இதுக்கு மேல என்ன செய்ய? இவ்வளவு தூரம் சுமந்துகிட்டு வந்தவன் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொன்னா? எனக்கும் ரோசம் இருக்குலா. மவன் சொல்லிக் குடுத்திருப்பான், வளவுக்காரங்க குடுத்தா வாங்காதீயன்னு. "அப்போ வாரேன் அண்ணாச்சி"ன்னேன். அவரு கம்பிக்கு நடுவ கைய வெளிய நீட்டுனாரு. போயிட்டு வான்னு சொல்லுதாரு. நானும் இந்தக் கைய ஆட்டிட்டுப் படி இறங்கிட்டேன். கீழ முக்குல திரும்பும்போது அண்ணாந்து பாத்தேன். அந்தக் கை அப்பிடியே வெளியதான் நிக்கி. ஆட்டவே இல்ல. வயசாயிட்டுல்லா, ஆட்டத் தெம்பு இருக்காது.

இப்ப இந்தச் சோத்த நான் என்ன செய்ய? கொண்டு போனா சேர்மக்கனி பாப்பா, சட்டி நெறைய போயி சட்டி நெறைய வருதுன்னு. நல்லா இருக்கும். தம்பி, நீங்களாவது ஒரு வாய்...

யம்மா! என்ன இது, இப்பிடியா பிரேக்கு போடுவான்? நல்ல வேளை, பிடிச்சீய. கவுந்திருக்கும். விடாதீய, அப்பிடியே பிடிச்சுக்கிடுங்க, மூடிய அமுக்கிக்கிடுதேன். மாடு குறுக்க வந்துட்டாம். கண்டக்டரு சொல்லுதாரு.

சரி, கைய எடுத்துக்கிடுங்க தம்பி. விழாது.

...

இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கையப் பாத்தேன்.

நீங்க ரெண்டு மட்டம் வேண்டாம்னீய. வாயி வேண்டாம்னுச்சு. சட்டி விழப் போவுதுன்னதும் கை தன்னால வந்துட்டு பாருங்க.

அண்ணாச்சி கை ஆடல தம்பி. போயிட்டு வான்னு சொல்லுத கை இப்பிடிலா நிக்கும்? உள்ளங்கை வெளியப் பாத்து? அது இப்பிடி நின்னுச்சு. மேலப் பாத்து. விரலக் குவிச்சு. வாங்கிக்கிட வார கை மாரி.

நான் கேட்டேன். ரெண்டு மட்டம் கேட்டேன். கேட்டா யாரு சொல்லுவா? அந்த அம்மா கைல தின்ன மனுசன், கேட்டுக் குடுத்தா எப்பிடித் திம்பாரு? கம்பிக்குள்ள சட்டி நுழையாது. உருண்டை நுழையும்லா? தோசை நுழைஞ்சுதே. எனக்கு நுழைஞ்சுதே தம்பி.

கண்டக்டர் சார்! கண்டக்டர் சார், அடுத்தாப்புல என்ன, கல்லுப்பட்டியா? அங்கன எறக்கி விட்டுருங்க. தென்காசிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். பரவாயில்ல, இருக்கட்டும். மதுரைக்குத் திரும்பப் போற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? எதுத்தாப்புலயா? சரி சார்.

பொழுது சாய்ஞ்சாச் சாயட்டும். பரமசிவன் இருந்தா இருக்கட்டும். பூட்டத் தொறந்தாச் சரி, தொறக்காட்டியும் எனக்குக் கம்பி போதும். அவன் கையிலயும் ஒரு உருண்டை வைக்கணும். திட்டுனாத் திட்டிக்கிட்டே திங்கட்டும். காலையில ஊருக்குப் போயிச் சேர்மக்கனிட்ட... சவத்த, அத அப்பப் பாத்துக்கிடலாம்.

கல்லுப்பட்டி வந்துட்டு. கொஞ்சம் கால ஒதுக்குங்க. இருங்க, இருங்க, இந்த மூடியத் தொறந்துக்கிடுதேன். கையக் காட்டுங்க. ரெண்டாவது உருண்டையும் பிடிங்க, கடலை இதுலதான் நெறைய இருக்கு.

என்னது, வேண்டாமா? நான் உங்கள்ட்டக் கேக்கவே இல்லயே தம்பி.